மலிவுச் சீட்டும் மொழியறிவும்: ஜப்பானில் ஒரு வெளிநாட்டுவாசியின் பயணப் பாடங்கள்

முன்னுரை

"ஜப்பானில் இரண்டு ஆண்டுகள் இருந்தாயே, ஊர் சுற்றிப் பார்க்க நிறைய பணம் செலவாகியிருக்குமே?" நாடு திரும்பிய என்னிடம் பலரும் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஜப்பான் என்றாலே அதிவேக இரயிலும் அதற்கேற்ற கட்டணமும்தான் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. ஆனால், உபகாரச் சம்பளத்தில் காலம் தள்ளிய ஒரு மலேசிய மாணவனாகிய நான், அந்நாட்டின் பெரும்பகுதியை நாளொன்றுக்கு நூறு வெள்ளிக்கும் குறைவான இரயில் செலவில் பார்த்து வந்திருக்கிறேன்.

அஃது எப்படி முடிந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பயணக் கட்டுரையாக மட்டும் இதனை எழுதவில்லை. மலிவான பயணத்துக்கு முதலில் வேண்டியது சிக்கனம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பயணம் செய்யச் செய்ய, அதைவிட மொழியறிவே முக்கியம் என்பது விளங்கியது. மொழிக்கழகத்தின் ஆண்டிதழுக்கு இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம்.

1. சுற்றுலாப் பயணி வேறு, வெளிநாட்டுவாசி வேறு

ஜப்பானுக்குச் செல்லும் வெளிநாட்டவருக்கென்று 'ஜப்பான் ரயில் பாஸ்' என்ற சீட்டு உண்டு. அதனை வைத்துக்கொண்டு ஜே.ஆர். இரயில்களில் குறிப்பிட்ட நாள்களுக்கு நாடு முழுவதும் பயணம் செய்யலாம். இதனைப் பற்றி இங்கிருக்கும்போதே கேள்விப்பட்டிருந்த நான், 2016-ஆம் ஆண்டு நாகோயா நகருக்குப் படிக்கச் சென்றவுடன், முதல் விடுமுறைக்கு அதை வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். விதிமுறைகளைப் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. 'தற்காலிக வருகையாளர்' என்ற முத்திரையுடன் நாட்டுக்குள் நுழைந்தவர்களுக்கே அச்சீட்டு. மாணவனாகவோ தொழிலாளியாகவோ அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு அது கிடைக்காது.

ஜப்பானில் 3 மாதங்களுக்கு மேல் வசிக்கும் வெளிநாட்டவருக்கு 'ஸாய்ர்யூ கார்டு' எனப்படும் வசிப்பிட அட்டை வழங்கப்படுகிறது. 2012 ஜூலையில் இம்முறை நடப்புக்கு வந்தது. நம் மைகார்டைப் போல அதனை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். அந்த அட்டை கைக்கு வந்த நாளிலிருந்து ஒருவர் விருந்தாளி அல்லர். விருந்தாளிக்குரிய சலுகைகளும் அவருக்கு இல்லை. அதே வேளையில் அவர் அந்நாட்டுக் குடிமகனும் அல்லர்.

தொடக்கத்தில் இஃது எனக்கு மனக்குறையாகவே இருந்தது. ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வருபவனுக்குச் சலுகை, இரண்டு ஆண்டு வசிப்பவனுக்கு இல்லையா என்று நண்பர்களிடம் புலம்பியிருக்கிறேன். பிறகுதான் ஒன்று புரிந்தது. சுற்றுலாப் பயணிக்கான சலுகைகள் ஆங்கிலத்தில் விளம்பரப்படுத்தப்பட்டிருந்தன; அதனால் என் கண்ணில் பட்டன. உள்ளூர் மக்களுக்கான சலுகைகளும் இருந்தன. அவை ஜப்பானிய மொழியில் இருந்ததால் நான்தான் பார்க்கவில்லை.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. ஒரு சலுகைச் சீட்டின் விதியில் 'வெளிநாட்டவர்' என்று இருந்தால், அது கடப்பிதழைக் குறிக்கிறதா அல்லது நாட்டில் தங்கியிருக்கும் தகுதியைக் குறிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. எந்த நாட்டில் வசிப்பவருக்கும் இப்பாடம் பொருந்தும்.

2. 'இளமை 18' என்னும் சீட்டு

எனக்குக் கைகொடுத்த சீட்டின் பெயர் 'செய்ஷுன் ஜூஹச்சி கிப்பு'. 'செய்ஷுன்' என்றால் இளமைப் பருவம். 'ஜூஹச்சி' என்றால் பதினெட்டு. 'கிப்பு' என்றால் சீட்டு. 1982-ஆம் ஆண்டு அப்போதைய ஜப்பானிய தேசிய இரயில்வே இதனை 8,000 யென் விலையில் அறிமுகப்படுத்தியது. நம் நாடு கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்ததும் அதே ஆண்டில்தான். 1987 ஏப்ரலில் தேசிய இரயில்வே தனியார்மயமாகி, ஆறு பயணிகள் நிறுவனங்களாகவும் ஒரு சரக்கு நிறுவனமாகவும் பிரிந்த பின்னரும் சீட்டு தொடர்ந்தது.

பெயரில் 18 என்று இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. எழுபது வயதுப் பெரியவர்கள் இச்சீட்டுடன் பயணம் செய்வதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். வாங்குபவர் எந்த நாட்டவர், எந்த அட்டை வைத்திருக்கிறார் என்றும் யாரும் கேட்பதில்லை. முகப்பில் பணத்தைக் கொடுத்தால் சீட்டு. அந்நாட்டில் என்னை 'நீ யார்?' என்று கேட்காமல் கிடைத்த முதல் சலுகை அதுதான்.

2017-இல் நான் வாங்கியபோது விலை 11,850 யென். அதில் ஐந்து நாள்களுக்கான ஐந்து கட்டங்கள் இருக்கும். பயணம் தொடங்கும் நாளில் நிலைய ஊழியர் ஒரு கட்டத்தில் தேதி முத்திரை குத்துவார். அன்று முழுவதும் நாட்டின் எந்த மூலைக்கும் ஜே.ஆர். சாதாரண இரயிலிலும் கட்டணமில்லா விரைவு இரயிலிலும் செல்லலாம். ஐந்து நாள்களும் அடுத்தடுத்து வர வேண்டியதில்லை. ஐவர் சேர்ந்து ஒரே நாளில் பயன்படுத்தவும் செய்யலாம். வசந்த கால, கோடைக் கால, குளிர்கால விடுமுறைகளை ஒட்டி மட்டுமே இது செல்லும். அதிவேக ஷின்கான்சென்னிலும் சிறப்பு விரைவு இரயில்களிலும் செல்லாது.

இன்று இவ்விதிகள் மாறிவிட்டன. 2024-ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலிருந்து இச்சீட்டு, தொடர்ந்து 3 நாள்களுக்கு 10,000 யென், தொடர்ந்து 5 நாள்களுக்கு 12,050 யென் என இரண்டு வகையாக விற்கப்படுகிறது. ஒருவர் மட்டுமே பயன்படுத்த முடியும். முத்திரை குத்தும் வழக்கம் போய், தானியங்கிக் கதவிலேயே நுழையலாம். வரிசையில் நிற்கும் நேரம் குறைந்தது உண்மை. ஆயினும், வாரக் கடைசிகளில் ஒவ்வொரு நாளாகப் பிரித்துப் பயணம் செய்யும் என்னைப் போன்ற மாணவர்களின் வழி அடைபட்டுவிட்டது. மறுபுறம், சுற்றுலாப் பயணிகளுக்கான 7 நாள் ஜப்பான் ரயில் பாஸின் விலையும் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது.

3. கணக்குப் போடும் முறை

மலிவு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. என் குறிப்பேட்டிலிருந்து இரண்டு கணக்குகளை இங்கே தருகிறேன். எல்லாம் 2017-ஆம் ஆண்டு விலைகள். அப்போது 100 யென் என்பது ஏறக்குறைய 4 ரிங்கிட்.

முதல் கணக்கு: டோக்கியோவிலிருந்து கியோத்தோ வரை இரயில் பாதையில் 513.6 கிலோமீட்டர். ஷின்கான்சென்னில் முன்பதிவில்லா இருக்கைக்கு 13,080 யென். பயண நேரம் சுமார் 2 மணி 20 நிமிடம். 'இளமை 18' சீட்டில் ஒரு நாளின் விலை 2,370 யென். அதாவது ஏறக்குறைய 95 வெள்ளி. ஆனால், அத்தாமி, தொயோஹாஷி, ஓகாக்கி, மாய்பாரா என்று பல இடங்களில் வண்டி மாறி, சுமார் 9 மணி நேரம் ஆகும். மிச்சமாவது 10,710 யென். கூடுதலாகச் செலவாவது 6 மணி 40 நிமிடம். வகுத்துப் பார்த்தால், இரயிலில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கூடுதல் மணிக்கும் 1,600 யென் மிச்சம்.

வெளிநாட்டு மாணவர் அனுமதி பெற்று வாரத்துக்கு 28 மணி நேரம் வரை பகுதி நேர வேலை செய்யலாம். எனக்குக் கிடைத்த சம்பளம் மணிக்கு 900 யென். ஆகவே, சன்னலோரம் உட்கார்ந்து மலைகளைப் பார்த்துக்கொண்டு வருவது பாத்திரம் கழுவுவதைவிட இலாபமான வேலை என்று அன்றே கண்டுகொண்டேன்.

இரண்டாவது கணக்கு: நாகோயாவிலிருந்து கியோத்தோவுக்குச் சாதாரணக் கட்டணமே 2,590 யென். அங்கே போய்த் தங்குவதாக இருந்தால், 'இளமை 18' சீட்டின் ஒரு நாளைச் செலவழித்து மிச்சமாவது 220 யென் மட்டுமே. அன்றே திரும்பினால்தான் பயன். எனவே, சீட்டை வாங்குமுன் சாதாரணக் கட்டணத்தைப் பார்ப்பது முதல் வேலை.

பல்கலைக்கழக மாணவருக்கு இன்னொரு வழியும் உண்டு. 'காகுவாரி' எனப்படும் மாணவர் தள்ளுபடி அது. ஒரு வழிப் பயணம் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் ஜே.ஆர். அடிப்படைக் கட்டணத்தில் 20 விழுக்காடு குறையும். டோக்கியோ – கியோத்தோ அடிப்படைக் கட்டணமான 8,210 யென் 6,560 யென்னாகிவிடும். இதற்குப் பல்கலைக்கழகம் தரும் சான்றுத் தாள் தேவை. வெளிநாட்டு மாணவருக்கும் உள்நாட்டு மாணவருக்கும் ஒரே விதிதான். சுற்றுலாப் பயணிக்கு இது கிடையாது! நான் சென்ற முதல் எட்டு மாதங்கள் இதனை அறியாமலேயே இருந்தேன். சான்றுத் தாள் வழங்கும் இயந்திரம் தினமும் நான் கடந்து செல்லும் நடைபாதையிலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் மேலிருந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியவில்லை என்பதே காரணம்.

4. தமிழ் மாணவருக்கு ஜப்பானிய மொழி கடினமா?

எழுத்து கடினம். அதில் ஐயமில்லை. ஆனால், வாக்கிய அமைப்பு நமக்கு அந்நியமானது அன்று. இதனை நான் வகுப்பறையில் உணர்ந்ததைவிட இரயில் நிலையங்களில்தான் நன்கு உணர்ந்தேன்.

'நாகோயா கரா கியோத்தோ மாதே இக்கிமாசு' என்று ஒரு வாக்கியம். இதில் 'கரா' என்பது 'இருந்து'. 'மாதே' என்பது 'வரை'. 'இக்கிமாசு' என்பது 'போகிறேன்'. அப்படியே தமிழில் சொன்னால், 'நாகோயாவிலிருந்து கியோத்தோ வரை போகிறேன்.' சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வேற்றுமை உருபு நம் மொழியைப் போலவே பெயருக்குப் பின்னால் வருகிறது. வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்கிறது. என்னோடு படித்த ஐரோப்பிய நண்பர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போடப் பழகிக்கொண்டிருந்தபோது, எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை.

ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் தொடர்புண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ (1919 – 2008) நெடுங்காலம் வாதிட்டதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்கலாம். மொழியியலாளர் பலர் அக்கருத்தை ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பதால் மட்டும் இரு மொழிகள் உறவினர் ஆகிவிட மாட்டா என்பது நாம் நினைவில் கொள்ள வேண்டிய ஒன்று. எனினும், கற்பவருக்கு அந்த ஒற்றுமை உதவும் என்பதை என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.

மலிவாகப் பயணம் செய்ய நினைக்கும் ஒருவர் முதலில் கற்க வேண்டிய சொற்கள் இவை:

ஃபுட்சூ – சாதாரண இரயில். சீட்டு செல்லும்.
கைசொக்கு – விரைவு இரயில். சீட்டு செல்லும்.
தொக்யூ – சிறப்பு விரைவு இரயில். சீட்டு செல்லாது.
யுக்கி – 'செல்லும்'. ஊர்ப் பெயருக்குப் பின்னால் வரும்.
நொரிக்காயே – வண்டி மாறுதல்.
செய்ரிக்கென் – ஊழியர் இல்லாத சிறு நிலையங்களில், ஓட்டுநர் மட்டுமே உள்ள வண்டியில் ஏறும்போது எடுக்க வேண்டிய எண் சீட்டு.
ஷூதென் – அன்றைய கடைசி வண்டி.
ஹெய்ஜிட்சு – வேலை நாள்.
கியூஜிட்சு – விடுமுறை நாள்.
உன்க்யூ – ஓட்டமில்லை.

கடைசி மூன்று சொற்களை நான் கற்றுக்கொண்ட விதம் தனியாகச் சொல்லத் தக்கது.

5. ஓடாத வண்டி

2017 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. ஐந்து நாள் பயணத்தின் மூன்றாம் நாள். மலைப்பகுதியில் ஒரு சிறு நிலையத்தில் இறங்கி, ஆற்றோரமாக இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பினேன். அங்கே ஊழியர் யாரும் இல்லை. ஓர் அறை, ஒரு நீண்ட பலகை, சுவரில் ஒரு கால அட்டவணை. மாலை 3 மணி 50 நிமிடத்துக்கு ஒரு வண்டி இருப்பதைக் காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன். அதைப் பிடித்தால் இருட்டுவதற்குள் பெரிய ஊரில் தங்கும் விடுதிக்குப் போய்விடலாம். விடுதியில் இரவு 8 மணிக்குள் வந்து பதிய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

3 மணி 50 நிமிடம் ஆனது. வண்டி வரவில்லை. ஜப்பானில் வண்டி தாமதமாவது அரிது என்பதால் ஐந்து நிமிடத்திலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது. நான்கு மணி, நான்கரை மணி. வெளியே பனி உருகாமல் கிடந்தது. அட்டவணையில் அதற்கடுத்த வண்டி மாலை 7 மணிக்கு மேல்தான்.

அப்போது, அறையைக் கூட்டுவதற்கு அந்த ஊர்ப் பாட்டி ஒருவர் வந்தார். என்னைப் பார்த்ததும், "ஓனீசான், எந்த வண்டிக்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். 'ஓனீசான்' என்றால் அண்ணன். பேரன் வயதுள்ள அந்நியனை அண்ணன் என்று அழைக்கும் அவ்வழக்கம், கடைத்தெருவில் யாரையும் 'அண்ணே' என்று விளிக்கும் நமக்குப் புதிதன்று. நானும் அவரை 'ஒபாசான்', அதாவது பாட்டி என்றே அழைத்தேன்.

அவர் என்னை அட்டவணையின் அருகே அழைத்துச் சென்றார். 3 மணி 50 நிமிட வண்டியின் பக்கத்தில் ஒரு சிறு குறி இருந்தது. அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அட்டவணையின் அடியில் அதே குறிக்கு எதிரே ஒரு வரி. அதில் ஓர் எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். 'கியூ' என்று ஒலிக்கும் எழுத்து அது. "இடப்பக்கம் மனிதன், வலப்பக்கம் மரம். மனிதன் மரத்தில் சாய்ந்திருக்கிறான். அப்படியென்றால் என்ன செய்கிறான்?" என்று கேட்டார். "ஓய்வெடுக்கிறான்," என்றேன். "ஆம், வண்டியும் இன்று ஓய்வெடுக்கிறது," என்று சிரித்தார்.

'கியூஜிட்சு' என்பது ஓய்வு நாள். 'உன்க்யூ' என்பது ஓட்டத்துக்கு ஓய்வு. ஓர் எழுத்தில் இரண்டு சொற்களும் எனக்குத் திறந்துகொண்டன. அவ்வண்டி பள்ளி மாணவர்களுக்காக வேலை நாள்களில் மட்டும் ஓடுவது. கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி என்னிடம் இருக்கத்தான் செய்தது. ஆனால், கவனிக்க வேண்டிய குறி இது என்று தெரியாதவனுக்குச் செயலி என்ன செய்யும்?

விடுதிக்குத் தாமதமாகும் என்று தொலைபேசியில் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை நான் ஜப்பானிய மொழியில் தொலைபேசியில் பேசியதே இல்லை. முகம் பார்த்துப் பேசினால் கையால் காட்டிச் சமாளித்துவிடலாம். தொலைபேசியில் அதற்கு வழியில்லை. நீங்களே பேசிச் சொல்ல முடியுமா என்று பாட்டியிடம் கைப்பேசியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "நீங்கள் ஜப்பானில் வசிக்கிறீர்கள் அல்லவா? நீங்களே பேசுங்கள். 'ஒக்குரெமாசு' என்று சொன்னால் போதும்," என்றார். 'தாமதமாகும்' என்பது அதன் பொருள். அவர் முன்னாலேயே நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, நடுங்கும் குரலில் பேசினேன். மறுமுனையில் இருந்தவர், பின்வாசலில் மணியடிக்குமாறு கூறினார். முழுவதும் புரிந்தது என்று சொல்ல முடியாது. 'பின்னால்' என்பதும் 'மணி' என்பதும் புரிந்தன. அதுவே போதுமானதாக இருந்தது.

பாட்டி போகும்போது இரண்டு மிக்கான் ஆரஞ்சுப் பழங்களைப் பலகையில் வைத்துவிட்டுச் சென்றார். இரவு 7 மணி வண்டியில் ஏறியவன் நான் ஒருவன்தான்.

6. 'ஜப்பானில் வசிக்கிறேன்'

பாட்டி சொன்ன அந்தச் சொற்றொடர் பின்னர் எனக்குப் பல இடங்களில் பயன்பட்டது. 'நிஹோன் நி சுந்தே இமாசு.' தமிழில் பிரித்தால் 'ஜப்பான் – இல் – வசித்து – இருக்கிறேன்.' நம் 'வசித்திருக்கிறேன்' போன்ற அதே கட்டமைப்பு. பொருளில் மட்டும் 'வசித்துக்கொண்டிருக்கிறேன்'.

தங்கும் விடுதிகளில் என் முகத்தைப் பார்த்ததும் கடப்பிதழைக் கேட்பார்கள். ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரிடம் கடப்பிதழைக் கேட்டு நகலெடுக்க வேண்டும் என்பது விதி. அங்கே முகவரியுடன் வசிப்பவருக்கு அவ்விதி பொருந்தாது. முகவரியை எழுதிக் கொடுத்தால் போதும். ஆங்கிலத்தில் இதனை விளக்கினால் வாக்குவாதம்போல் தோன்றும். அவர்கள் மொழியில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நாகோயா முகவரியை எழுதினால், "அப்படியா, நாகோயாவா?" என்று பேச்சு வேறு திசையில் போய்விடும். அதன் பிறகுதான் பெரும்பாலும் நல்ல செய்திகள் வரும். எந்த அங்காடியில் இரவு எட்டு மணிக்குமேல் உணவுப் பொட்டலங்கள் பாதி விலைக்குக் கிடைக்கும், எந்தப் பொதுக் குளியலகம் மலிவு, நாளைக்கு எந்தத் தடத்தில் பழுதுபார்ப்பு நடக்கிறது – இவை எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காதவை.

உணவுக்கு நான் நம்பியிருந்தது 'ஒனிகிரி' எனப்படும் சோற்றுருண்டையை. அப்போது நூறு யென்னைச் சற்றுத் தாண்டிய விலையில் எல்லா மினி மார்ட்டிலும் கிடைத்தது. உள்ளே புளிப்பான 'உமேபோஷி' வைத்தது ஊறுகாய் வைத்த கட்டுச்சோறு போலவே இருக்கும். சைவ உணவினருக்கு அது ஏற்றதாக இருக்கலாம். ஆயினும், பொட்டலத்தில் உள்ள உட்பொருள் பட்டியலைப் படித்துப் பார்ப்பது நல்லது. அதற்கும் மொழிதான் வேண்டும்.

7. மலிவின் எல்லைகள்

மலிவான எல்லாவற்றையும் நான் பரிந்துரைக்கவில்லை. இரவுப் பேருந்துகள் பல வேளைகளில் இரயிலைவிட மலிவு. ஆனால், அத்துறையின் வரலாற்றை அறிந்திருக்க வேண்டும். 2016 ஜனவரி 15 அதிகாலையில் நாகானோ மாநிலத்தின் கருயிசாவா பகுதியில், பனிச்சறுக்குச் சுற்றுலாப் பேருந்து ஒன்று மலைச்சாலையிலிருந்து கவிழ்ந்து 15 பேர் மாண்டனர். அவர்களில் 13 பேர் பல்கலைக்கழக மாணவர்கள். மற்ற இருவர் ஓட்டுநர்கள். அப்பேருந்து, சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கட்டணத்துக்கும் கீழான விலையில் அமர்த்தப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. அதன் பிறகு அரசு விதிகளைக் கடுமையாக்கியது. நான் ஜப்பான் சென்ற ஆண்டில் நடந்தது என்பதால், என்னுடன் படித்தவர்கள் அதனை அடிக்கடி பேசுவார்கள். ஒரு விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால், அந்தக் குறைவை யார் சுமக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது தூங்காத ஓட்டுநராக இருக்கும்.

'இளமை 18' சீட்டுக்கும் எல்லையுண்டு. புதிய ஷின்கான்சென் தடம் திறக்கப்படும்போது, அதற்கு இணையாக ஓடும் பழைய தடம் பல இடங்களில் ஜே.ஆரிடமிருந்து உள்ளூர் நிறுவனங்களுக்குக் கைமாறுகிறது. 1997-இல் கருயிசாவா பகுதியிலும், 2015-இல் கானாசாவா வரையிலும், 2024-இல் சுருகா வரையிலும் இப்படி நடந்தது. சில விதிவிலக்குகள் தவிர, அத்தடங்களில் இச்சீட்டு செல்லாது. டோக்கியோவுக்கும் ஓகாக்கிக்கும் இடையே ஓடிய 'மூன்லைட் நாகாரா' என்ற இரவு விரைவு இரயிலும், 2020 மார்ச்சில் ஓடியதோடு நின்றுபோயிற்று. சிறு தொகைக்கு இருக்கையை முன்பதிவு செய்துகொண்டு இச்சீட்டிலேயே அதில் போகலாம். இரவுத் தங்கும் செலவை மிச்சப்படுத்த மாணவர்கள் நாடிய வண்டி அது. மெதுவாகச் செல்பவருக்கான பாதை ஆண்டுதோறும் குறுகிவருகிறது என்றே சொல்ல வேண்டும்.

முடிவுரை

நாடு திரும்பி, கோலாலம்பூரில் மீண்டும் பேருந்துகளில் செல்லத் தொடங்கியபோது, நான் முன்பு கவனிக்காத சிலரைக் கவனித்தேன். பேருந்து முனையத்தில் அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டு நிற்கும் நேப்பாளத் தொழிலாளி, மலாய் அறிவிப்பு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கும் வங்காளதேச இளைஞர் ஆகியோர் அவர்கள். அவர்களும் இங்கே வெளிநாட்டுவாசிகள்தாம். 2022-இல் நம் தலைநகரில் அறிமுகமான 50 ரிங்கிட் மாதப் பயண அட்டை மலேசியக் குடிமக்களுக்கென்று வகுக்கப்பட்டது. மானியம் குடிமக்களின் வரிப்பணம் என்ற நியாயம் அதில் உண்டு. ஆயினும், பெயரும் நாடும் கேட்காமல் ஒரு சீட்டை எனக்கு விற்ற அந்த முகப்பை அவ்வேளையில் நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை அத்தகைய ஒருவர், ஈப்போ செல்லும் பேருந்து எந்த வாயிலில் நிற்கும் என்று தம் சீட்டை என்னிடம் நீட்டினார். எடுத்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல், சீட்டில் 'பிந்து' என்ற மலாய்ச் சொல்லைக் காட்டி, அது வாயிலைக் குறிக்கிறது, பக்கத்தில் இருப்பது அதன் எண் என்று சொன்னேன். அவர் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, தாமே பலகையைப் பார்த்து வாயிலைக் கண்டுபிடித்துச் சென்றார்.

மாணவ நண்பர்களே, மேற்படிப்புக்கோ வேலைக்கோ நீங்கள் வேறு நாட்டில் வசிக்க நேரலாம். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அவ்வூர் இரயில் அல்லது பேருந்து நிலையத்துக்குச் சென்று, அங்கே உள்ளூர் மொழியில் மட்டும் எழுதப்பட்டிருக்கும் ஓர் அறிவிப்பைப் படிக்க முயலுங்கள். புரியாத சொல்லை அங்கிருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். அந்த ஊரில் உங்களுக்குரிய மலிவுச் சீட்டு பெரும்பாலும் அங்கேதான் ஒட்டப்பட்டிருக்கும்.